ஊசிக்குப் பிந்தைய பதினைந்து மாதங்கள்

பால்வினை நோய்க்கான சிகிச்சை எனக்கு இரண்டு காலைப்பொழுதுகளில் முடிந்துவிட்டது. முதல் நாள், சாம்பல் நிற உறையில் இருந்த மாத்திரைகளை மருத்துவமனையிலேயே, செவிலியரின் கண் முன்னால் விழுங்கினேன். அடுத்த வாரம் இரு பக்கப் பிட்டத்திலும் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டேன். ஆனால் நான் குணமாகிவிட்டேன் என்று மருத்துவர் சொல்லவும், அதை நான் நம்பவும் 15 மாதங்கள் ஆயின. நோய் வந்தால் எங்கே போவது என்று சொல்லச் சிலராவது இருக்கிறார்கள். மருந்து முடிந்த மறுநாளிலிருந்து என்னென்ன நேரும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. அதனால் அந்தப் பகுதியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் வசிக்கிறேன். ஆறு வீடுகளுக்குச் சேர்த்து இரண்டு குளியலறைகள், இரண்டு கழிப்பறைகள். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அனுமதி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. 2019-ஆம் ஆண்டின் முதல் பாதியில் அலுவலக வேலையாக மூன்று முறை விசாகப்பட்டினம் சென்றேன். அங்கே என் மனைவிக்குத் தெரியாமல் உறவு வைத்துக்கொண்டேன், ஆணுறையும் அணியவில்லை. அந்தத் தவறுக்கு இங்கே காரணம் தேடப்போவதில்லை.

ஏப்ரல் மாதம் ஆண்குறியில் மிளகு அளவுக்கு ஒரு புண் வந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை; மூன்று வாரத்தில் தானாக ஆறிவிட்டது. ஆறிய புண்ணைப் பற்றி யார் கவலைப்படுவார்கள் என்று அதை மறந்தே போனேன். ஜூன் மாதம் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் தொடங்கியது. அந்த ஜூன் மாதத்தைச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, குழாயில் சொட்டுத் தண்ணீர் வராமல், நள்ளிரவில் லாரிக்காகக் குடங்களுடன் வரிசையில் நின்ற காலம் அது. தெருவில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு இருந்ததால் எனக்கும் அதுவே என்று எண்ணினேன். அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார், நான் இளநீர் குடித்தேன். ஆனால் எனக்கு வந்திருந்தது கொனோரியா. நம் பெரியவர்கள் அந்த நோயை வெட்டை என்பார்கள். அந்தச் சொல்லுக்கே சூடு என்ற பொருளும் உண்டு. ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால், சீழ் வடிவதைக்கூடச் சூடு என்று சொல்லி நாள் கடத்துவது நமக்கு மிக எளிதாகிவிடுகிறது. எனக்கு உள்ளாடையில் மஞ்சள் கறை படியத் தொடங்கிய பிறகும் நான்கு நாட்களைக் கடத்தினேன்.

அதன்பின் செய்ததும் தவறுதான். மெடிக்கல் ஷாப்பில் நோயைப் பாதி சொல்லி, பாதி மறைத்து, ஐந்து நாளைக்குச் சிப்ரோஃப்ளாக்ஸசின் வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு நாள் சீழ் குறைந்து, நான்காம் நாள் முன்னைவிட அதிகமாக வந்தது. வெட்டை நோய்க் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதை ஸ்டான்லி மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில்தான் தெரிந்துகொண்டேன். அங்கே மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விகள் நேரானவை. யாருடன், எப்போது, எந்த வகையில், ஆணுறை இருந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டார். முகத்தைச் சுளிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. சீழை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்பிவிட்டு, அசித்ரோமைசின் ஒரு கிராமும் செஃபிக்ஸிம் 400 மில்லிகிராமும் ஒரே வேளையில் விழுங்கச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்ப வர வேண்டும், ஏழு நாள் எந்த வகை உறவும் கூடாது, மனைவிக்கும் சிகிச்சை தேவை, இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்றும் சொன்னார். இதில் மூன்றாவதாகச் சொன்னதை மட்டும் கேட்காதது போல் எழுந்து வந்தேன்.

மூன்றே நாளில் சீழ் நின்றது. எல்லாம் முடிந்தது என்று முடிவு வாங்கப் போனபோது, மேகநோயை, அதாவது சிபிலிஸைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனை 1:32 என்று வந்திருந்தது, உறுதிசெய்யும் டி.பி.எச்.ஏ. பரிசோதனையும் பாசிட்டிவ். ஏப்ரலில் தானாக ஆறிய அந்தப் புண்தான் மேகநோயின் முதல் கட்டம் என்று மருத்துவர் விளக்கினார். வலிக்காமல் வந்து, மருந்தில்லாமலே ஆறி, நோயை இரத்தத்துக்குள் விட்டுவிட்டுப் போவதுதான் அந்தப் புண்ணின் இயல்பாம். நான் சீழுக்கான மாத்திரையோடு நின்றிருந்தால், அந்த இரண்டாவது நோய் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கும்.

பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒவ்வொரு பக்கத்திலும் பாதி. ஒவ்வாமை இருக்கிறதா என்று தோலில் சிறிதளவு செலுத்திப் பார்த்து, அரை மணி நேரம் உட்கார வைத்த பிறகே ஊசி போட்டார்கள். கெட்டியான மருந்து என்பதால் வலி கடுமையாகவே இருந்தது. பழைய சிறைச்சாலைச் சாலையில் ஷேர் ஆட்டோவுக்குள் ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. அன்று இரவு எட்டு மணிக்குக் குளிர் எடுத்து, காய்ச்சல் ஏறி, தலையும் கை கால் மூட்டுகளும் வலித்தன. ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். கிருமிகள் கூட்டமாக அழியும்போது முதல் 24 மணி நேரத்துக்குள் உடல் இப்படி எதிர்வினை காட்டுவது இந்நோயில் வழக்கமானது என்று மறுநாள் சொன்னார்கள். பாரசிட்டமாலும் ஓய்வும் போதும், மறுநாளே தணிந்துவிடும். மூச்சுத் திணறலோ, உடல் முழுதும் தடிப்போ, முகம் வீங்குவதோ இருந்தால் மட்டும் அது ஒவ்வாமை. அதற்கு ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை ஊசிக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இருந்த ஆலோசகர் என் அக்காவின் வயதுடையவர். மனைவிக்கான பரிந்துரைச் சீட்டை என் கையில் கொடுத்து, "தம்பி, நாங்க போன் பண்ணி அவங்ககிட்ட சொல்ல மாட்டோம். நீங்கதான் கூட்டிட்டு வரணும். நீங்க மட்டும் ஊசி போட்டுக்கிட்டா இது பாதி வைத்தியம்தான்" என்றார். பெண்களுக்கு இந்த நோய்கள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும் என்றும், வெட்டை கருக்குழாய் வரை சென்று குழந்தைப் பேற்றையே பாதிக்கக்கூடும் என்றும், கருவுற்ற பெண்ணிடமிருந்து மேகநோய் கருவிலுள்ள குழந்தைக்கும் போகும் என்றும் எடுத்துச் சொன்னார். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. இரண்டாவது குழந்தைக்கு நாங்கள் காத்திருந்த நேரம். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து நாட்கள் திரிந்தேன். சிறுநீரில் கிருமி, உனக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட எண்ணினேன். அப்படிச் சொல்லியிருந்தால் அவள் பரிசோதனைக்கு வந்திருக்க மாட்டாள், மறு பரிசோதனைக்கும் வந்திருக்க மாட்டாள். தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை அவளிடமிருந்து இரண்டாம் முறையும் பறித்திருப்பேன்.

ஒண்டுக்குடித்தனத்தில் இதைப் பேச இடம் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். காசிமேட்டுப் பக்கம் கடலோரக் கல் கரைக்கு அவளை அழைத்துப் போய்ச் சொன்னேன். வெகுநேரம் அவள் பேசவில்லை. பிறகு, "வி.டி.ஆர்.எல்-ன்னா, பாப்பா வயித்துல இருக்கும்போது என் அட்டையில எழுதினாங்களே, அந்த டெஸ்டுதானே?" என்று கேட்டாள். ஆம் என்றேன். "எனக்கு அப்பவே எடுத்துப் பார்த்து ஒண்ணும் இல்லன்னாங்க. உங்களுக்குத்தான் யாரும் எடுக்கல" என்றாள். பிரசவத்துக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் கடந்துவரும் ஒரு பரிசோதனையின் பெயரை, நோய் வந்த பிறகுதான் நான் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன் என்பது அந்த நேரத்தில் என்னை மிகவும் சுட்டது.

அவள் வந்தாள். பரிசோதனையில் அவளுக்கு மேகநோய் இல்லை என்றே வந்தது. ஆயினும் கடந்த 90 நாட்களுக்குள் எங்களுக்குள் உறவு இருந்ததால், தொற்று இரத்தத்தில் தெரிய நாளாகலாம் என்பதைக் கருதி, அதே மாத்திரைகளையும் அதே ஊசியையும் அவளுக்கும் கொடுத்தார்கள். எந்தக் குற்றமும் செய்யாத அவள் அந்த வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, என் கையைப் பிடிக்காமல் தனியாக நடந்து வந்தாள். அதற்குப் பின் ஏழு மாதங்கள் எங்களிடையே தேவையான பேச்சு மட்டுமே இருந்தது. மன்னிப்பு எப்போது கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன். அதனால் அவளுக்குக் கூடுதல் வேதனையைத்தான் தந்தேன். மருத்துவக் கணக்கு மட்டும் தெளிவானது. கணவனின் ஏழு நாள் முடிந்தால் போதாது, மனைவியும் மருந்து எடுத்து அவளுக்கும் ஏழு நாள் கழிய வேண்டும், இல்லையெனில் நோய் இருவருக்கிடையே மாறி மாறிப் போய்வரும். எங்களை மூன்று மாதம் வரை ஆணுறையும் பயன்படுத்தச் சொன்னார்கள்.

இதற்கிடையில் என்னை வேறொரு நோய் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் காலையில், கதவைத் தட்டுபவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, குளியலறையில் கைப்பேசி வெளிச்சத்தில் குறியை அழுத்தி அழுத்திச் சீழ் வருகிறதா என்று பார்ப்பேன். ஒரு துளி தெளிவான நீர் வரும். அன்று முழுதும் வேலை ஓடாது. ஐந்தாவது வாரம் மீண்டும் எரிச்சலே வந்துவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்று பதறி மருத்துவரிடம் ஓடினேன். சிறுநீரைப் பரிசோதித்ததில் சீழணுக்களே இல்லை. நான் தினமும் அழுத்துவதாலேயே சிறுநீர்த் தாரை புண்பட்டு எரிகிறது, அழுத்தினால் எந்த ஆரோக்கியமான ஆணுக்கும் ஏதோ ஒரு துளி வரத்தான் செய்யும் என்றார். "இரண்டு வாரம் கையே வைக்காதீங்க. துணியில தானா கறை பட்டா மட்டும் வாங்க" என்றார். பத்தாம் நாள் எரிச்சல் போய்விட்டது. சிகிச்சை முடிந்த ஆண்களில் பலர் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

எதற்கெல்லாம் உடனே வர வேண்டும் என்பதையும் அன்று கேட்டு எழுதிக்கொண்டேன். சீழ் தானாக வடிந்தால் வர வேண்டும். அதற்கு மறு தொற்றோ, முதல் மருந்துக்கு அடங்காத வேறு கிருமியோ காரணமாக இருக்கலாம். தொடை இடுக்கில் நெறி கட்டினாலும், உள்ளங்கை உள்ளங்காலில் அரிப்பில்லாத சிவந்த தடிப்புகள் வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. விரை வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். திடீரென்று ஒரு விரையில் தாங்க முடியாத வலி எடுத்தால் அது முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம் என்பதால், இரவு எந்நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆறு மணி நேரம் கடந்தால் விரையைக் காப்பாற்றுவது கடினம்.

அந்த எரிச்சல் நாட்களில் இன்னொரு பள்ளத்திலும் விழுந்தேன். மேம்பாலத் தூண்களிலும் கழிப்பறைச் சுவர்களிலும் ஒட்டியிருக்கும் நரம்புத் தளர்ச்சி, விந்து கசிவு விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு லாட்ஜ் வைத்தியரிடம் போனேன். நாடி பிடித்துவிட்டு, ஊசியால் நோய் உள்ளே அமுங்கிவிட்டது, எலும்புக்குள் போய்விட்டது, ஆண்மை போய்விடும் என்றார். ஒரு மண்டலத்துக்குப் பொடி கொடுத்து 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். உண்மையில் எனக்கு அப்போது மனைவியின் மீது குற்றவுணர்வும் பயமும் இருந்ததால் ஆசை குறைந்திருந்தது. அவர் அதைத் தொட்டுத்தான் என்னைப் பிடித்தார். என்ன கலந்ததென்று தெரியாத பொடி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று மருத்துவர் கண்டித்த பிறகு மிச்சத்தைக் கொட்டினேன். நோய்க்குப் பின் சில மாதங்கள் ஆசை குன்றுவது மனத்தின் காரியம், அது மெல்லத் திரும்பியது.

வீட்டில் என் துணிகளைத் தனியாகத் துவைத்தேன், கழிப்பறையை ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன், மகளை மடியில் வைக்கவே பயந்தேன். அம்மா ஒரு நாள், "இன்னாடா, லுங்கிய மட்டும் தனியா ஊற வெக்கிற?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. பொதுக் கழிப்பறை, துண்டு, தட்டு, டம்ளர், மடியில் உட்காருவது இவற்றால் இந்த நோய்கள் பரவுவதில்லை என்று ஆலோசகர் விளக்கியதை, எங்களைப் போல் ஆறு குடும்பம் ஒரு குழாயைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் வாழ்பவர்களுக்காகவே அழுத்திச் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. பரிசோதனை முதல் நாளிலேயே எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. அதை முழு விடையாகக் கொள்ளக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். நம் அனுமதி பெற்று, முன்பும் பின்பும் ஆலோசனை தந்து, முடிவை இரகசியமாக வைத்தே இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இரவில் தூக்கம் வராதபோது 1097 என்ற கட்டணமில்லா எண்ணை இரண்டு முறை அழைத்திருக்கிறேன், பெயர் கேட்கவில்லை. செப்டம்பரில் எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியானது. அதே காலத்தில் கல்லீரல் அழற்சி பி-க்கான (ஹெபடைடிஸ் பி) மூன்று தவணைத் தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.

வி.டி.ஆர்.எல். எண்ணைப் பற்றி ஒன்று. இரத்த நீரை ஒவ்வொரு படியிலும் இரு மடங்கு நீர்க்கச் செய்து, எந்தப் படி வரை வினை தெரிகிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. 32-லிருந்து 8-க்கு, அதாவது இரண்டு படி இறங்குவதே சிகிச்சை பலித்ததற்கு அடையாளம். ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் பரிசோதனையிலேயே நேரும் வேறுபாடு. இது தெரியாமல், மூன்றாம் மாதம் அரசு மருத்துவமனையில் 1:16 வந்தது போதாதென்று ஒரு தனியார் ஆய்வகத்திலும் எடுத்தேன். கூடம் நிறைய ஆட்கள் இருக்க, "வி.டி.ஆர்.எல். யாருங்க?" என்று உரக்கக் கூப்பிட்டார்கள். முடிவு 1:32. டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ். இரண்டு இரவு தூங்கவில்லை. ஒரே ஆய்வகத்தில், ஒரே வகைப் பரிசோதனையாக எடுத்தால்தான் எண்களை ஒப்பிட முடியும் என்றும், டி.பி.எச்.ஏ. குணமான பின்னும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் பாசிட்டிவாகவே இருக்கும் என்றும் அறிந்த பிறகே அடங்கினேன். ஆகவே சிகிச்சைச் சீட்டுகள் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையிலும் இது கேட்கப்படும். என்றைக்கு எந்த ஊசி போட்டோம், எண் எப்படி இறங்கியது என்று காட்டும் தாள்கள்தான் அப்போது நமக்காகப் பேசும். ஆண்டுதோறும் இரத்த தானம் செய்துவந்தேன். இனி செய்ய வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொள்ள மனம் வலித்தது.

டிசம்பரில் 1:8. அன்று மருத்துவர் முதன்முறையாகச் சிரித்தார். பன்னிரண்டாம் மாதப் பரிசோதனை 2020 ஜூன் மாத இறுதியில் வந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது இராயபுரம் மண்டலமே கொரோனாவில் மூழ்கி, சென்னை முழுதும் மறுபடி ஊரடங்கில் இருந்தது. செப்டம்பரில் பேருந்துகள் ஓடத் தொடங்கிய பிறகே போக முடிந்தது. அவளும் தன் மறு பரிசோதனைக்காக உடன் வந்தாள். எனக்கு 1:2, அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கோப்பை அவளே கேட்டு வாங்கினாள். தன் முடிவுத் தாளை அதன் மேலே வைத்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, மகளின் பிறப்புச் சான்றிதழும் தன்னுடைய கர்ப்ப கால அட்டையும் இருந்த பைக்குள் அதைச் செருகி மூடிவிட்டு, "அடுத்த வருஷம் ஒரு தடவை எடுக்கச் சொன்னாங்க இல்ல, காலண்டர்ல எழுதி வைங்க" என்றாள்.